செல்லியேரியை வெட்டியவர்

சிவப்பிரகாசம் மைக்கில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தலையில் ஒரு கூடை ஈரமண் விழுந்தது. பட்டப்பகல். மேலே பந்தல் துணி கிழியவில்லை. "இந்த ஏரியைத் தமது பொற்கரத்தால் வெட்டினார் மாமன்னர் அரிகண்டதேவர்" என்று அவர் சொல்லி முடித்து, கைதட்டலுக்காக நிறுத்திய இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. கூடை இல்லை, கூடையின் வடிவம் மட்டும் இருந்தது, குழந்தைகள் கொட்டாங்கச்சியில் மண் இட்லி கவிழ்த்தது போல. மண்ணில் ஒரு நத்தையும் அல்லித்தண்டு ஒன்றும் ஒட்டியிருந்தன. அன்று திருத்தணி மார்க்கெட்டில் காய்ந்த மிளகாய் விலை ஏறியிருந்தது. மறுநாள் டீக்கடைகளில் இரண்டு விஷயத்தையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள்.

ஏரி இருப்பது திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்குப் போகும் வழியில். அதன் பெயர் செல்லியேரி. செல்லி என்பவள் ஆயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்பு அங்கே மண் சுமந்த கூட்டத்தில் ஒருத்தி. அரண்மனையிலிருந்து வந்தவர்கள் கயிறு பிடித்துக் கரையை நேராகப் போடச் சொன்னார்கள். ராஜா யானைமேல் பார்வையிட வரும்போது யானை திரும்ப வேண்டியிருக்கக் கூடாது என்பது அவர்கள் கவலை. செல்லி, வெள்ளம் வந்து முட்டும் இடத்தில் கரையை வளைத்துக் கொட்டினாள். சாட்டை வீசினார்கள். அடியை வாங்கிக்கொண்டு அடுத்த கூடையையும் அங்கேயே கொட்டினாள். பின்னால் வந்தவர்களும் அவள் கொட்டிய இடத்திலேயே கொட்ட, கரை வளைந்துவிட்டது. மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட கதையில் கரை நிற்பதற்காக ஒரு பெண்ணைப் பலி கொடுத்து, பிறகு அவளுக்குப் பொங்கல் வைப்பார்கள். செல்லியை யாரும் பலி கொடுக்கவில்லை. கொடுக்க வந்திருந்தால் வந்தவனைத்தான் கரைக்குள் வைத்து மூடியிருப்பாள். பல்லெல்லாம் விழுந்து, பேரன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டே கிழவியாகச் செத்தாள் என்பதுதான் கரைக்குக் கீழே சொல்லப்படும் வரலாறு. அதற்குப் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் போட்ட ஏரிக்கரை எல்லாம் வெள்ளம் முட்டும் இடத்தில் வளைந்துதான் போகின்றன. எந்தக் கல்வெட்டிலும் அவள் பெயர் இல்லை. மதகுக்குப் பக்கத்தில், வளைவில், முழங்கால் உயரத்துக்கு முகமில்லாத ஒரு கல் உண்டு; அது செல்லி. அவளுக்குப் பூ இல்லை, கற்பூரம் இல்லை. கரையைக் கடப்பவர்கள் ஏரியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து அந்தக் கல்லடியில் அறைந்துவிட்டுப் போக வேண்டும். இப்படியாக ஆயிரத்துச் சொச்சம் வருடமாகக் கரைக்கு மராமத்து நடந்துவந்தது, யாரும் டெண்டர் விடாமலே.

கரைக்குக் கீழே தறிக்காரர் தெரு. அதில் முதல் வீடு துளசிங்கத்தினுடையது. இரண்டு பவர்லூம் தறி, லுங்கி நெசவு. அவன் மனைவி ஜெயம்மாள். பெருமழை பெய்த வருடம், பக்கத்து ஏரிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்த அன்று, கரையோரத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். தெருவே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. ஜெயம்மாளால் போக முடியவில்லை. அவளுக்கு வலி எடுத்திருந்தது. ரோட்டில் இடுப்பளவுத் தண்ணீர், ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம். வீட்டுக் கூரையைவிட உயரத்தில் ஏரி நின்றுகொண்டிருக்க, அதற்குக் கீழே சுசித்ரா பிறந்தாள். கரை நின்றது. அன்றிலிருந்து ஜெயம்மாளுக்குத் தணிகைமலை முருகன்மேல் பக்தி, செல்லிமேல் விசுவாசம். இரண்டும் வேறு வேறு. மலைக்கு அவள் கிருத்திகைக்குக் கிருத்திகை போவாள். கல்லுக்கு ஒரு பிடி மண் தினமும் போடுவாள்.

அரிகண்டதேவர் போன வருடம் தை மாதம்வரை யாருக்கும் தெரியாதவர். மதகுப் பலகை மாற்றத் தோண்டியபோது கிடைத்த உடைந்த கல்லில், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் சாமிநாதன் சுண்ணாம்பு பூசிப் படித்தார்: அரிகண்டதேவன் இவ்வேரி வெட்டுவித்தான். அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அது போதுமானதாக இருந்தது. மாசி பிறப்பதற்குள் மூன்று சங்கங்கள் அவர் தங்கள் ஆள் என்று போஸ்டர் ஒட்டின. ஒரே முகத்துக்கு மூன்று விதமான மீசை. மலையடிவாரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருந்த சிவப்பிரகாசம் தொன்மைப் பெருமை மீட்புக் குழு என்று ஒன்றைத் தொடங்கித் தலைவரானார். மற்ற எல்லாரும் துணைத் தலைவர்கள்; உறுப்பினராக இருக்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ராஜாவுக்கு யானை உயரத்தில் சிமெண்ட் சிலை, தங்கக் கலர் பெயிண்ட், கையில் வாள் என்று முடிவாயிற்று. பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படுகிற இடம் வளைவுதான், ஆகவே பீடம் அங்கே. செல்லியின் கல்லைத் "தகுந்த இடத்துக்கு" மாற்றலாம் என்று தீர்மானம் போட்டார்கள். தகுந்த இடம் என்றால் எது என்று ஜெயம்மாள் நேரில் வந்து கேட்டாள். அது பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் இல்லை.

அந்தத் தீர்மானத்தை ஊருக்கு அறிவிக்கிற கூட்டத்தில்தான் மண் விழுந்தது. விழுந்த மண் போகவில்லை. சலூனில் வழிக்கப் பார்த்தார்கள், கத்தி மழுங்கியது. கார் கழுவுகிற இடத்தில் குழாயைத் திருப்பி அடித்தார்கள். மண் இன்னும் கொஞ்சம் ஈரமானது. அரக்கோணத்தில் ஸ்கேன் எடுத்ததில் களிமண் இருப்பதாகத் தெளிவாகத் தெரிந்தது, உள்ளேயா வெளியேயா என்று மட்டும் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அவர் மனைவி சந்திரா, "அத்த வெச்சுகினு தலகாணில படுக்காதீங்க, இப்பதான் ஒற மாத்தினேன்" என்று சொல்லிவிட, உட்கார்ந்தபடியே தூங்கினார். கழுத்து வலி தாங்க முடியாமல் போனபோது, இது தறிக்காரர்கள் செய்த சூனியம் என்று முடிவுக்கு வந்து கரைக்கே போனார். ஜெயம்மாள் அப்போதுதான் மண் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பண்ண வேல இது?"

"ஒங்க வாய் பண்ண வேலதான். ராசாவே கையால வெட்னாருன்னு சொன்னீங்க இல்ல, அந்த மண்ணுதான். கரையில போட்டுட்டுப் போங்க."

"நான் மண்ணு சொமக்கற ஆளா?"

"இப்ப சொமந்துகினுதான கீறீங்க?"

பதில் சொல்ல அவர் ஓரடி முன்னால் வந்து குனிந்தார். குனிந்ததுதான் தாமதம், மண் தானாக நழுவி வளைவில் போய் உட்கார்ந்துகொண்டது. காய்ந்து விழுந்துவிட்டது என்று அவர் வீட்டில் சொன்னார். சந்திரா தலையைத் தொட்டுப் பார்த்தாள், ஈரமாக இருந்தது, துண்டை எடுத்து நீட்டினாள்.

பிறகு பலரும் சொல்லிப் பார்த்தார்கள். அரிகண்டதேவர் ஏரி வெட்டினார் என்று யார் எங்கே சொன்னாலும் விழுந்தது. சிறப்பு விருந்தினர் ஒருவர் சென்னையில் ஏசி அறையில் பேட்டி கொடுத்தபோது விழுந்து, மண்ணோடு காரில் வந்து கரையில் கொட்டிவிட்டுப் போனார். பேச்சுப் போட்டிப் பிள்ளைகள்மேல் ஒரு பிடி மட்டும் விழுந்தது. எழுதிக் கொடுத்த ஆசிரியர்மேல் மீதிக் கூடை. சிவப்பிரகாசம் முன்னெச்சரிக்கையாக "நான் கட்டின மண்டபம்" என்று சொல்வதை விட்டுவிட்டு "நம்ம மண்டபம்" என்று சொல்ல ஆரம்பித்தார். கரை அந்த வெயில் காலத்தில் வளைவுப் பக்கமாக நன்றாகவே பருத்தது.

குழு, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. சாமிநாதன் எழுந்து, "தப்பெல்லாம் நம்ம வினையிலதாங்க" என்றார். ஒரு துணைத் தலைவர் உடனே கண்ணில் ஒற்றிக்கொண்டு பரிகாரத்துக்கு எந்தக் கோயில் என்று கேட்டார். அந்த வினை இல்லை, இலக்கணத்து வினை என்று சாமிநாதன் விளக்க வேண்டியிருந்தது. வெட்டினான் என்பது தன்வினை. அவனே வெட்டினான் என்று பொருள். வெட்டுவித்தான் என்பது பிறவினை; பிறரைக் கொண்டு வெட்டச் செய்தான். கல்லிலேயே ராஜா அடக்கமாக வெட்டுவித்தான் என்றுதான் போட்டிருக்கிறார். நாம்தான் அவரை மண்வெட்டி பிடிக்க வைத்துவிட்டோம். இரண்டெழுத்துத் திருத்தம், அவ்வளவுதான். எல்லாரும் கரைக்குப் போனார்கள். சாமிநாதன் குடையை விரித்துக்கொண்டு, கண்ணை மூடி, "அரிகண்டதேவர் இந்த ஏரியை வெட்டுவித்தார்" என்றார். மண் விழவில்லை. கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்த பிறகு ஏரிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து விசாரிப்பது போல, "யார வுட்டு?" என்று கேட்டது.

தண்ணீரில் யாரும் இல்லை. ஒரு நாரை இருந்தது, அதன்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. சாமிநாதன் அரைகுறைத் தைரியத்தோடு, "மக்களைக் கொண்டு" என்றார்.

"எந்த மக்கள?"

"குடிமக்களை... அதாவது, பொதுவாக."

"பொதுவான்னு யாருக்கனா பேரு வெப்பாங்களா?"

அதற்குப் பிறகு குரல் அவரை விடவில்லை. காபி குடிக்கும்போது, பேப்பர் படிக்கும்போது, பேத்திக்குப் பாடம் சொல்லும்போது, காதோரம் வந்து யார வுட்டு என்றது. வெட்டுவித்தார் என்று சொன்ன மற்றவர்களுக்கும் அப்படியே. மண்ணாவது கொட்டினால் போகிறது, இது கொட்டவும் முடியவில்லை. சாமிநாதன் ஒரு சாயங்காலம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தறிக்காரர் தெருவுக்கு, ஜெயம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, செல்லியோட மண்ணு சொமந்தவங்க பேருங்க ஒங்க தெருவுல யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க அய்யா. தெரிஞ்சது ஒரு பேருதான. அத்த மைக்குல சொல்லுங்களேன்."

"அது சொன்னா அப்புறம் கல்ல எடுக்க முடியாதேம்மா."

"ஆங். அதுக்குதான் சொல்லச் சொல்றேன்."

அவர் குழுவில் அதை மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பீடத்தில் ராஜா பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், செல்லி முதலானோரைக் கொண்டு என்று ஒரு வரி. சிவப்பிரகாசம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ராசா பேரு பக்கத்துல மண்ணு சொமந்தவ பேரா? இன்னிக்கு இத்த உட்டா நாளைக்கு என் மண்டபத்து வாசல்ல சித்தாளுங்க பேரெல்லாம் எழுதச் சொல்வானுங்க. எவ்ளோ பெரிய செவுரு வேணும் அதுக்கு?" என்றார். செவுரு போதாது என்பது எல்லாருக்கும் புரிந்தது. ஆகவே சிலை வைக்கிற விழாவில் யாரும் பேசப்போவதில்லை, கோஷம் மட்டும் என்று முடிவெடுத்தார்கள். "ஏரி வெட்டிய ஏந்தலே வாழ்க" என்று முன்பே பேனர் அடித்தாயிற்று. வெட்டுவித்த என்று மாற்றலாமா என்று சாமிநாதன் கேட்டதற்கு, தப்பட்டைக்கு அது உட்காராது என்று கோஷம் எழுதியவர் சொல்லிவிட்டார். கோஷத்தை யாரும் நம்பிப் போடுவதில்லை, அதனால் அதற்கு மண் விழாது என்பது சிவப்பிரகாசத்தின் கருத்து.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, ரோட்டில் காவடிப் பூ வாடிக் கிடந்த வாரத்தில், லாரியில் மல்லாந்து படுத்தபடி அரிகண்டதேவர் வந்தார். பின்னால் கிரேன், அதற்குப் பின்னால் ஜேசிபி. பிரியாணி உண்டு என்று சொல்லிப் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வேனில் ஆள் வந்திருந்தது. வளைவில் கல் இருந்தது, கல்லுக்கு முன்னால் ஜெயம்மாள், அவள் பக்கத்தில் தெருப் பெண்கள். துளசிங்கம் கூப்பிட்டுப் பார்த்தான்.

"ஜெயா, வந்துடு. போலீஸ் கீது."

"நீ போய் தறிய ஓட்டு மாமா. இங்க நான் இருந்துக்கறேன்."

துளசிங்கம் போய்த் தறியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். முன்னால் நிற்க இடமில்லை என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான். ஜேசிபியை ஓட்டி வந்தவன் கதிரவன், ஜெயம்மாளின் அக்கா புருஷன். அவளைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்தான்.

"இன்னா பாவா, செல்லிய எடுக்க நீயா வந்த?"

"நானா எங்க வந்தேன்? ஓனரு அனுப்ச்சாரு."

"ஓனர அனுப்ச்சது யாரு?"

கதிரவன் சிவப்பிரகாசத்தைப் பார்த்தான்.

"அப்ப அவுரயே எறங்கி வந்து கையால தூக்கச் சொல்லு. தூக்கிட்டாருன்னா நான் போயிடறேன்."

சிவப்பிரகாசம் வந்தார். பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேமராக்காரர்களுக்குக் கேட்கிற மாதிரி சாந்தமாகப் பேசினார். "தோ பாரும்மா, கல்ல நாங்க தூக்கிப் போடப்போறதில்ல. மரியாதயா, ஓரமா வெப்போம்."

"ஓரமா வெச்சி வெச்சிதான அவ பேரே உங்களுக்குத் தெரியாம போச்சு. இன்னும் எவ்ளோ ஓரம்?"

"நீ நவுர்றியா இல்லியா?"

"நவுர மாட்டேன். என் பொண்ணு பொறந்த அன்னிக்கு அவ நவுரல."

சாமிநாதன் கூட்டத்துக்குள்ளிருந்து, "தலைவரே, ஒரு பேருதான், சொல்லிடலாமே" என்றார். சிவப்பிரகாசம் அவரைப் பார்க்காமல் கையை உயர்த்தினார். தப்பட்டை ஆரம்பித்தது. அந்த நேரத்தில் கிரேன்காரர்கள், பீடம் தயாராகவில்லையே என்று, ராஜாவைத் தற்காலிகமாகக் கரையடியில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மொத்தக் கூட்டமும், ஏரி வெட்டிய ஏந்தலே வாழ்க என்று முழங்கியது.

குழுவினர் தலையில் ஆளுக்கு ஒரு கூடை விழுந்தது. வேனில் வந்தவர்கள்மேல் ஆளுக்கு ஒரு பிடி. அவர்கள் கத்தியவர்கள் இல்லை, கத்துவிக்கப்பட்டவர்கள், அந்த வித்தியாசம் விழுகிற மண்ணுக்குத் தெரிந்திருந்தது. பந்தோபஸ்துக்கு வந்து தலையை மட்டும் ஆட்டிய ஒருவருக்குத் தொப்பியில் தெளித்தது. கல்லைச் சுற்றி நின்றவர்கள்மேல் ஒரு துளி இல்லை. ராஜாவின் கிரீடத்தில்தான் அதிகம் விழுந்தது, பெரிய கூடையளவு, குவியலாக. அவர் வாயைத் திறக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இத்தனை நாளும் மறுக்கவும் இல்லை. பிறகு யாரும் சொல்லாமலே வரிசை நின்றது. துணைத் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கரையேறி, ஜெயம்மாள் கை காட்டிய இடத்தில் குனிந்து கொட்டிவிட்டு, இறங்கி, பிரியாணி இருந்த பக்கம் போனார்கள். தெருப் பெண்கள் கொட்டிய மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார்கள். சாமிநாதன் மட்டும் கொட்டிய பிறகு நின்று, மைக் இல்லாமல், "செல்லியைக் கொண்டு" என்று கல்லைப் பார்த்துச் சொன்னார். அவர் காதில் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை, மறுநாள் காபி ருசியாக இருந்தது. சிவப்பிரகாசம் வெயில் சாயும்வரை மண்ணோடு காரில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆள் அரவம் குறைந்த பிறகு ஏறிக் கொட்டினார். ஜேசிபியை அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழு அதற்குப் பிறகு கூடவில்லை.

கிரேனுக்கு யாரும் சொல்லி அனுப்பாததால் ராஜா கரையடியிலேயே நின்றார். மறுநாள் காலை பார்த்தபோது அவருடைய இடது கால் ஓரடி முன்னால் இருந்தது. மண் சரிவு என்று வந்து பார்த்த இன்ஜினியர் எழுதிக்கொண்டு போனார். புரட்டாசியில் பாதிக் கரை ஏறியிருந்தார், சிமெண்ட் முழங்காலில் விரிசலோடு. கார்த்திகை தீபத்தன்று வளைவில் வந்து குனிந்து கொட்டினார். அதற்குப் பிறகு இறங்குவதும் ஏறுவதுமாக அவர் வேலை நிற்கவில்லை. முதலில் வாளால் மண் வெட்டப் பார்த்து அதன் முனை உடைந்தது. துளசிங்கம் தன் வீட்டுப் பழைய மண்வெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தான். தங்கக் கலர் இரண்டு மழையில் போய்விட்டது. மண் சுமக்க ஆரம்பித்த பிறகு அவர் தங்கள் ஆள் என்று எந்தச் சங்கமும் போஸ்டர் ஒட்டவில்லை. சுசித்ராவும் தெருப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் அவர் கால்களுக்கு நடுவே புகுந்து போகிறார்கள். ஜெயம்மாள் தினமும் ஒரு பிடி மண்ணைக் கல்லடியில் அறைந்துவிட்டு, "ராசா, அந்தாண்ட பள்ளமா கீது பாரு, அங்க கொட்டு" என்பாள். அவர் அங்கே கொட்டுவார். ஆரம்பத்தில் கொஞ்சம் தயங்கினார் என்கிறார்கள், இப்போது இல்லை.

இந்த வருடம் மழை முன்கூட்டியே வந்து ஏரி விளிம்புவரை நின்றது. தறிக்காரர் தெருவைக் காலி செய்யச் சொல்லி ஆட்டோ வரவில்லை. வளைவில் பஸ் மெதுவாகத் திரும்பியபோது, ஊருக்குப் புதியவர் ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, இவ்வளவு கெட்டிக் கரையைப் போட்டது யார் என்று கேட்டார். கண்டக்டர் சில்லறையைத் தேடிக்கொண்டே, "செல்லி போட்டுதுங்க, அவளோட இன்னும் நெறய பேரு. இப்ப ராசாவும் கூடமாட போட்டுகினு கீறாரு" என்றார். யார் தலையிலும் எதுவும் விழவில்லை. பஸ் பொதட்டூர்பேட்டைப் பக்கம் போனது.